ரூபாயின் பழைய மாற்று விகிதத்தை நீங்களே கணக்கிட்டுச் சரிபார்ப்பது எப்படி?

1947இல் ஒரு ரூபாயும் ஒரு டாலரும் சமமாக இருந்தன என்னும் செய்தி, ஆகஸ்ட் மாதம் நெருங்கும்போதெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. அது தவறு. அன்றைய விகிதப்படி ஒரு டாலருக்கு 3 ரூபாய் 5 அணாவுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இதை யாரோ சொல்லித்தான் நம்ப வேண்டும் என்பதில்லை. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் நீங்களே கணக்கிட்டு அறியலாம். குடும்பத்தில் கிடைத்த பழைய பத்திரம், பர்மாவிலிருந்தோ பினாங்கிலிருந்தோ வந்த கடிதம், பாட்டனாரின் பேரேடு ஆகியவற்றில் உள்ள தொகைகளைப் புரிந்துகொள்ளவும் இதே முறை போதும்.

எந்த ஆண்டின் விகிதத்தைத் தேடினாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த ஆண்டில் ரூபாய் எதனோடு கட்டப்பட்டிருந்தது, அதாவது எதன் மதிப்பை ஒட்டி அதன் மதிப்பு நிறுத்தப்பட்டிருந்தது? வெள்ளியோடா, பவுண்டோடா, டாலரோடா, பல நாணயங்களின் தொகுப்போடா, அல்லது எதனோடும் கட்டப்படாமல் சந்தையில் விடப்பட்டிருந்ததா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் மீதியெல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். விடை தெரியாமல் எடுத்தாளப்படும் விகிதம், எவ்வளவு துல்லியமான தசமத்தோடு எழுதப்பட்டிருந்தாலும் பயனற்றது.

பழைய எழுத்து முறையைப் படித்தல்

1957 ஏப்ரல் 1க்கு முந்திய கணக்குகளில் ஒரு தொகை மூன்று எண்களாக எழுதப்பட்டிருக்கும். 13-5-4 என்றால் 13 ரூபாய், 5 அணா, 4 பை. ரூபாய்க்கு 16 அணா; அணாவுக்கு 12 பை; ஆகவே ரூபாய்க்கு 192 பை. இதைத் தசமமாக்க அணாவை 16ஆலும் பையை 192ஆலும் வகுத்து ரூபாயோடு கூட்ட வேண்டும். 5ஐ 16ஆல் வகுத்தால் 0.3125, 4ஐ 192ஆல் வகுத்தால் 0.0208, மொத்தம் 13.3333. இந்த 13-5-4 என்னும் தொகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பிரிட்டிஷ் பவுண்டின் விலை இதுவாகத்தான் இருந்தது.

பிரிட்டிஷ் பணத்துக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 1971 பிப்ரவரி வரை ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆகவே பவுண்டுக்கு 240 பென்ஸ். அக்கால ஆவணங்கள் ரூபாயின் விகிதத்தை “ஒரு ரூபாய்க்கு இத்தனை பென்ஸ்” என்றே குறிக்கும். “ஒரு டாலருக்கு இத்தனை ரூபாய்” என்னும் நம் இன்றைய வழக்கத்துக்கு இது நேர் எதிரானது. பழைய எண் உயர்ந்தால் ரூபாய் வலுவடைந்தது என்று பொருள்; இன்றைய எண் உயர்ந்தால் ரூபாய் வலுவிழந்தது என்று பொருள். பழைய அறிக்கைகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தமிழகத்து ஆவணம் 1818க்கு முந்தியதாக இருந்தால் அதில் ரூபாய்க்குப் பதிலாக வராகன், பணம், காசு ஆகியவை வரக்கூடும். அந்த ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் பொன் வராகனுக்குப் பதிலாக வெள்ளி ரூபாய் அளவையாக்கப்பட்டது; 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது அப்போதைய மாற்று.

வெள்ளிக் காலம்: ஒரே ஒரு பெருக்கல்

கிழக்கிந்தியக் கம்பெனி 1835இல் கொண்டுவந்த சட்டம், தன் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாயை நிறுவியது. அதன் எடை 180 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்). அதில் 165 கிரெயின் தூய வெள்ளி. வெள்ளியைக் கொண்டுபோய் நாணயச்சாலையில் கொடுத்து, சிறு கட்டணம் செலுத்தி, யார் வேண்டுமானாலும் ரூபாயாக அடித்து வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்ததால், ரூபாயின் வெளிநாட்டு மதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் விலையும் ஒட்டியே நடந்தன.

லண்டனில் வெள்ளியின் விலை, ஆயிரத்துக்கு 925 பங்கு தூய்மையுள்ள ஓர் அவுன்ஸுக்கு இத்தனை பென்ஸ் என்று சொல்லப்பட்டது. அந்த அவுன்ஸில் 444 கிரெயின் தூய வெள்ளி. 165ஐ 444ஆல் வகுத்தால் 0.3716 வரும். லண்டன் வெள்ளி விலையை இந்த எண்ணால் பெருக்கினால் ரூபாயின் பென்ஸ் மதிப்பு கிடைத்துவிடும். 1871ஐ ஒட்டி வெள்ளி 60 பென்ஸுக்குச் சற்று மேல் இருந்தது. பெருக்கினால் ரூபாய்க்கு 22 பென்ஸுக்கு மேல் வரும். நாணயச்சாலைக் கட்டணமும் சேர்ந்து, அப்போது உண்மையில் நிலவிய விகிதம் 23 பென்ஸ் அளவில் இருந்தது. ஜெர்மனி, நாணயத்தின் மதிப்பைப் பொன்னோடு கட்டும் பொன் அளவைக்கு மாறித் தன் வெள்ளியை விற்கத் தொடங்கியது, அமெரிக்காவில் புதிய சுரங்கங்கள் திறந்தன. வெள்ளியின் விலை இறங்கிக்கொண்டே போய், 1892இல் 40 பென்ஸை ஒட்டி வந்தது. 40ஐ 0.3716ஆல் பெருக்கினால் 14.9. அந்த ஆண்டின் விகிதமும் 15 பென்ஸ்தான்.

லண்டனுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய ஓய்வூதியம், வட்டி, ராணுவச் செலவு ஆகியவற்றின் ரூபாய்ச் சுமை இதனால் கூடிக்கொண்டே போனதைத் தாங்க முடியாமல், 1893 ஜூன் 26 அன்று இந்திய நாணயச்சாலைகள் பொதுமக்களின் வெள்ளியை ஏற்பதை அரசு நிறுத்தியது. அன்றோடு இந்தப் பெருக்கல் விகிதத்தைத் தரும் சூத்திரமாக இல்லாமல் போகிறது. ஆனாலும் அதை எறிந்துவிட வேண்டாம். 1917இல் மறுபடியும் தேவைப்படும்.

பவுண்டோடு கட்டப்பட்ட காலம்

நாணயச்சாலைகள் மூடப்பட்ட பிறகும் ரூபாய் சில காலம் இறங்கி, 1894-95இல் 13 பென்ஸ் வரை வந்து, பின் ஏறி, 1898இல் 16 பென்ஸில் நிலைத்தது. அடுத்த ஆண்டு வந்த சட்டம், ஒரு சவரன் பொற்காசை 15 ரூபாய்க்குச் செல்லுபடியாக்கியது. 240ஐ 16ஆல் வகுத்தாலும் 15தான். அந்தக் காசின் எடை 7.988 கிராம், இன்றைக்கும் நம் நகைக்கடைகளில் சவரன் என்றால் 8 கிராம் என்பது இதன் தொடர்ச்சி.

ஒரு மாதிரிக் கணக்கைச் செய்து பார்ப்போம். 1905ஆம் ஆண்டின் பத்திரம் ஒன்றில் 1,000 ரூபாய் என்று இருக்கிறது. 16 பென்ஸால் பெருக்கினால் 16,000 பென்ஸ். 240ஆல் வகுத்தால் 66 பவுண்டு, 13 ஷில்லிங், 4 பென்ஸ். பவுண்டின் அன்றைய டாலர் விலை 4.8665, ஆகவே சுமார் 324 டாலர். இதே 1,000 ரூபாய் 1930ஆம் ஆண்டின் பத்திரத்தில் இருந்தால் 18 பென்ஸால் பெருக்க வேண்டும். சரியாக 75 பவுண்டு வரும்.

இவ்விரு ஆண்டுகளுக்கும் நடுவில் விகிதம் ஏன் மாறியது என்பதற்கு அந்த 0.3716 பதில் சொல்கிறது. 16 பென்ஸை 0.3716ஆல் வகுத்தால் 43 வருகிறது. அதாவது வெள்ளி 43 பென்ஸைத் தாண்டினால், ரூபாய் நாணயத்தைச் செலவழிப்பதைவிட உருக்கி விற்பது லாபம். முதல் உலகப் போரின் நெருக்கடியில் 1917 ஆகஸ்டில் வெள்ளி அந்த எல்லையைத் தாண்டியது. நாணயம் அடுப்புக்குப் போகாமல் தடுக்க அரசு விகிதத்தைப் படிப்படியாக உயர்த்த வேண்டியதாயிற்று. அந்த ஆண்டின் இறுதியில் ஒரு ரூபாய்க் காகித நோட்டு முதல்முறையாக வெளிவந்ததற்கும், மறு ஆண்டு அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்கு விற்றதற்கும் இதுவே காரணம். 1920 பிப்ரவரியில் வெள்ளி 89.5 பென்ஸைத் தொட்டது. பெருக்கிப் பாருங்கள்: 33 பென்ஸ், அதாவது 2 ஷில்லிங் 9 பென்ஸ். ஓராண்டுக்குள் வெள்ளியும் ரூபாயும் சரிந்து, 1921இல் ரூபாய் 16 பென்ஸுக்கும் கீழே போயிற்று.

ஆகவே 1917 முதல் 1926 வரையிலான ஆவணங்களுக்கு ஆண்டுச் சராசரியைப் பயன்படுத்தக் கூடாது. மாதத்தின் விகிதம் வேண்டும். அக்காலச் செய்தித்தாள்களின் வணிகப் பக்கங்களிலும், கரன்சி கட்டுப்பாட்டு அதிகாரியின் ஆண்டறிக்கைகளிலும் அது கிடைக்கும்.

1926இல், இந்திய நாணய முறையை ஆராய அமைக்கப்பட்ட ஹில்டன் யங் ஆணையம் 18 பென்ஸைப் பரிந்துரைத்தது. ஆணைய உறுப்பினர் புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ் 16 பென்ஸே தகும் என்று மாறுபாட்டுக் குறிப்பு எழுதினார். ரூபாயை உயர்வாக நிறுத்தினால் இறக்குமதி மலிந்து, உள்நாட்டு ஆலைகளும் ஏற்றுமதிப் பயிர் விளைவிக்கும் உழவரும் அடிபடுவார்கள் என்பது எதிர்ப்பாளரின் வாதம். அடுத்து வந்த பெருமந்தக் காலத்தில் விளைபொருள் விலை வீழ்ந்தபோதும் விகிதம் இறக்கப்படாததைப் பார்க்கையில், அந்த வாதத்தில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் 1927இல் 18 பென்ஸ் சட்டமாயிற்று. 240ஐ 18ஆல் வகுத்தால் 13.3333, அதாவது மேலே கண்ட 13-5-4. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் அளவையைக் கைவிட்டபோது ரூபாயும் அதனோடு போயிற்று; 1935இல் ரிசர்வ் வங்கி வந்த பிறகும் இதே விகிதம் தொடர்ந்தது.

இப்போது 1947க்கு வருவோம். ஒரு ரூபாய் 18 பென்ஸ்; பவுண்டில் 0.075. அன்று ஒரு பவுண்டு 4.03 டாலர். இரண்டையும் பெருக்கினால் ஒரு ரூபாய் 0.30225 டாலர், தலைகீழாக்கினால் ஒரு டாலர் 3.3085 ரூபாய். வாட்ஸ்அப் செய்தி இதற்கு ஒரு காரணமும் சொல்லும்: அன்று இந்தியாவுக்கு வெளிநாட்டுக் கடன் இல்லை, அதனால் ரூபாய் டாலருக்குச் சமமாக இருந்தது என்பதே அது. உண்மையில் போர்க்காலக் கொள்முதலுக்காக பிரிட்டன்தான் இந்தியாவுக்குக் கடன்பட்டிருந்தது. ஆனால் அந்தக் கடன் 18 பென்ஸை ஒரு பென்ஸ்கூட அசைக்கவில்லை. விகிதத்தைத் தீர்மானித்தது பவுண்டுடன் இருந்த கட்டு.

1949 செப்டம்பரில் பவுண்டு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கப்பட்டபோது இந்தியாவும் உடன் இறக்கியது. 0.075ஐ 2.80ஆல் பெருக்கினால் 0.21, ஒரு டாலர் 4.76 ரூபாய். டாலருக்கு எதிராக ரூபாய் வீழ்ந்த அதே நாளில், பவுண்டுக்கு எதிராக அது இம்மியும் மாறவில்லை. பாகிஸ்தான் தன் ரூபாயை இறக்க மறுத்ததால், அதுவரை சமமாக இருந்த இரு ரூபாய்களும் பிரிந்து, இரு நாட்டு வணிகமே சில காலம் முடங்கியது.

கடல் கடந்து வந்த பணம்

ரூபாய் என்று எழுதியிருப்பதெல்லாம் இந்திய ரூபாய் அல்ல. இலங்கையில் 1872 முதல் ரூபாய்தான் நாணயம்; 1966 ஜூன் வரை அது இந்திய ரூபாய்க்குச் சமமாகவே இருந்ததால் அதுவரை மாற்றுக் கணக்கு தேவையில்லை. இந்தியா அந்த மாதம் ரூபாயை இறக்கியபோது இலங்கை ரூபாய் டாலருக்கு 4.76இலேயே நின்றது, ஆகவே ஒரே நாளில் 100 இலங்கை ரூபாயின் விலை 157 ரூபாய் 50 பைசா ஆயிற்று. மறு ஆண்டு நவம்பரில் இலங்கையும் 5.95க்கு இறங்கியது.

மலாயாவிலிருந்து வந்த கடிதத்தில் “100 வெள்ளி” என்று இருந்தால், அது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் டாலர். 1906 முதல் அதன் விலை 28 பென்ஸ் என்று நிலைநிறுத்தப்பட்டது. இரு நாணயங்களும் பவுண்டோடு கட்டப்பட்டிருந்ததால், பென்ஸை நடுவில் வைத்து எளிதாக மாற்றலாம். 1910இல் 28ஐ 16ஆல் வகுக்க வேண்டும். 100 வெள்ளிக்கு 175 ரூபாய். 1930இல் 28ஐ 18ஆல் வகுக்க வேண்டும். 155 ரூபாய் 9 அணாவுக்குச் சற்றுக் குறைவு. அனுப்பியவர் அதே 100 வெள்ளியைத்தான் அனுப்பினார். ஊரில் இருந்தவர் கையில் ஏறத்தாழ 20 ரூபாய் குறைந்தது. 18 பென்ஸ் விவாதம் பம்பாய் ஆலை முதலாளிகளின் சண்டையாக மட்டுமே எழுதப்படுவது எனக்கு வருத்தம் தரும் செய்தி. அது தோட்டத் தொழிலாளியின் மணியார்டரிலும் கைவைத்தது.

1966: சதவீதக் குழப்பம்

1966 ஜூன் 6 முதல் ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. இதை 36.5 சதவீத மதிப்புக் குறைப்பு என்று ஒரு நூலும், 57.5 சதவீதம் என்று இன்னொரு நூலும் சொல்லும். இரண்டும் சரி. டாலரின் விலை 57.5 சதவீதம் ஏறியது: 7.50ஐ 4.7619ஆல் வகுத்தால் 1.575. ரூபாயின் மதிப்பு 36.5 சதவீதம் இறங்கியது: 4.7619ஐ 7.50ஆல் வகுத்தால் 0.635, ஒன்றிலிருந்து கழித்தால் 0.365. இறக்குமதியாளர் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தார் என்பதற்கு முதல் எண். ரூபாயை வைத்திருந்தவர் எவ்வளவு இழந்தார் என்பதற்கு இரண்டாம் எண். எழுதும்போது எது என்று குறிப்பிட்டுவிட்டால் குழப்பமே இல்லை.

அந்த இரண்டாம் எண்ணை நேரடியாக அனுபவித்தவர்கள் வளைகுடா நாட்டவர். கத்தார், துபாய் போன்ற இடங்களில் அதுவரை, ரிசர்வ் வங்கி 1959இல் தனியே அச்சிட்டுத் தந்த வளைகுடா ரூபாயே புழங்கியது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் தம் தினாருக்கு மாறிவிட்டன. எஞ்சியவற்றில் கத்தாரும் துபாயும் 1966 மதிப்புக் குறைப்புக்குப் பின் ரியாலுக்கு மாறின.

1966க்குப் பின்

1971 இறுதி வரை டாலருக்கு 7.50. பவுண்டின் விலை முதலில் 21 ரூபாய். 1967 நவம்பரில் பவுண்டு இறங்கியபோது இந்தியா உடன் இறங்காததால் 18 ரூபாய். 1971 டிசம்பரில் ரூபாய் மறுபடியும் பவுண்டோடு, 18.9677 என்னும் விகிதத்தில் கட்டப்பட்டது. 1975 செப்டம்பரில் பல நாணயத் தொகுப்போடு கட்டப்பட்டதிலிருந்து ரிசர்வ் வங்கி நாள்தோறும் சிறிது சிறிதாக மாற்றியமைத்து வந்ததால், அந்தக் காலத்துக்கு வாய்ப்பாட்டுக் கணக்கு உதவாது. பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

1991இல் செலாவணி கையிருப்பு வற்றி, சுமார் 47 டன் தங்கத்தை அடமானமாக அனுப்ப நேர்ந்த அதே ஜூலையில், 1ஆம் தேதியும் 3ஆம் தேதியும் இரு கட்டங்களாக ரூபாய் இறக்கப்பட்டது. 21 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 26 ரூபாயை ஒட்டி வந்தது. 1992 மார்ச் முதல் ஓராண்டுக்கு இரண்டு விகிதங்கள் இருந்தன: ஏற்றுமதியாளர் ஈட்டிய டாலரில் 40 சதவீதத்தை அரசு விகிதத்திலும் 60 சதவீதத்தைச் சந்தை விகிதத்திலும் மாற்றிக்கொண்டார். அந்த ஆண்டின் விகிதம் என்ன என்று கேட்பவரிடம், எந்தப் பரிமாற்றத்துக்கு என்று திருப்பிக் கேட்பதே முறை. 1993 மார்ச்சில் இரண்டும் ஒன்றாகி, அது முதல் சந்தையே விகிதத்தைக் காண்கிறது. அலை மிகும்போது ரிசர்வ் வங்கி வாங்கியும் விற்றும் தலையிடுகிறது.

இக்காலத்துக்கு ரிசர்வ் வங்கி ஆண்டுதோறும் வெளியிடும் இந்தியப் பொருளாதாரப் புள்ளிவிவரக் கையேடு போதுமானது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் நிதியாண்டுச் சராசரி ஒரு பத்தியாகவும் மார்ச் இறுதி விகிதம் இன்னொரு பத்தியாகவும் இருக்கும். 1991-92இன் சராசரி 24.47, ஜூன் வரை 21ஐ ஒட்டியும் ஜூலை முதல் 26ஐ ஒட்டியும் விற்ற டாலரின் சராசரி அது என்பதை மறந்து, ஒரு குறிப்பிட்ட நாளின் பரிமாற்றத்துக்கு அதைப் பயன்படுத்தினால் கணக்கு பிழைபடும். நாள் விகிதம் வேண்டுவோர், 2018 ஜூலை முதல் எஃப்பிஐஎல் (பைனான்சியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா) நிறுவனம் வெளியிடும் குறிப்பு விகிதத்தையும், அதற்கு முந்திய நாள்களுக்கு ரிசர்வ் வங்கியின் குறிப்பு விகிதத்தையும் எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கிளையில் எழுதியிருக்கும் வாங்கும் விலையும் விற்கும் விலையும் அந்த வங்கியின் லாபம் சேர்ந்தவை.

விகிதத்தை வைத்து எதைச் சொல்லக் கூடாது

1905இன் 1,000 ரூபாய் 324 டாலர் என்று கண்டோம். அந்த 324 டாலரை இன்றைய விகிதத்தில் ரூபாயாக்கி, அன்றைய ஆயிரம் இன்றைக்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிடக் கூடாது. நூறு ஆண்டு விலைவாசி நடுவில் நிற்கிறது. அதற்கு அந்தந்தக் கால நெல் விலை, கூலி, தங்க விலை ஆகியவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

அதேபோல, டாலர் 1993இல் 31 ரூபாய், 2022 அக்டோபரில் 83 ரூபாய் என்பதிலிருந்து மட்டும் ரூபாய் எவ்வளவு நலிந்தது என்று முடிவு செய்ய முடியாது. பத்தாண்டில் இந்திய விலைவாசி 80 சதவீதமும் அமெரிக்க விலைவாசி 25 சதவீதமும் ஏறியதாக ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். 1.80ஐ 1.25ஆல் வகுத்தால் 1.44. தொடக்கத்தில் டாலர் 50 ரூபாய் என்றால், பத்தாண்டு கழித்து 72 ரூபாய் வரை ஏறியது விலைவாசி வேறுபாட்டால் வந்த ஏற்றம். 72க்கு மேல் போனால்தான் ரூபாய் உண்மையில் நலிந்தது, கீழே நின்றால் உண்மையில் வலுப்பெற்றது. 40 நாடுகளின் நாணயங்களை வைத்து இந்தக் கணக்கைச் செய்து, 2015-16ஐ 100 எனக் கொண்ட குறியீடாக ரிசர்வ் வங்கி தன் மாத இதழில் வெளியிடுகிறது. ரூபாயின் வலிமையைப் பற்றிப் பேச விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுவே.

கண்டறிந்த விகிதத்தைக் குறித்து வைக்கும்போது நான்கு செய்திகளைச் சேர்த்தே எழுதுங்கள்: தேதி, எந்த நாட்டு நாணயம், எதனோடு கட்டப்பட்டிருந்தது, எண் எங்கிருந்து வந்தது. பினாங்குக் கடிதத்தின் ஓரத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: “1930 மார்ச், 100 வெள்ளி, வெள்ளிக்கு 28 பென்ஸ், ரூபாய்க்கு 18 பென்ஸ், இரண்டும் சட்ட விகிதம், 155.56 ரூபாய், அஞ்சல் கட்டணம் கழிக்கவில்லை.”